குருதியின் ஓசை

இலுப்பைக்கடவையில் கரைவலை இழுக்கும் ஒருவர், பூநகரி வீதியில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். நின்றால் வலி தணிகிறது, நடந்தால் மீள்கிறது. வாதமென்று எண்ணெய் பூசுகிறார். காலின் நாடி ஒடுங்கியிருக்கலாம் என்று யார் நினைப்பார்? புகைப்பவராயின் அந்த ஐயம் வலுக்கும்.

இதனை அறியக் கத்தி வேண்டா, ஊசி வேண்டா. நெருங்கிவரும் புகைவண்டியின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவீர்கள். 1842ஆம் ஆண்டில் தொப்பிளர் என்னும் அறிஞர் விளக்கிய தத்துவம் இதுவே. கணுக்காலில் களி பூசி, எழுதுகோல் போன்ற கருவியை வைத்தால், செவிக்கெட்டாத கழியொலி, ஓடும் செங்குழியங்களிற் பட்டு மீடிறன் மாறித் திரும்பும். அம்மாற்றமே நமக்கு ஓசையாகக் கேட்கிறது. நலமுள்ள நாடி ஒவ்வொரு துடிப்பிலும் மூன்று அலையாய் ஒலிக்கும். ஒடுங்கிய நாடிக்கு அப்பால் ஒரே மந்தமான ஓசைதான்.

பின்னர்க் கணுக்காலுக்கு மேலே பட்டி கட்டிக் காற்றடைத்து, ஓசை மறைந்தபின் மெல்லத் தளர்த்துவர். ஓசை மீளும் அமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்து, விடை 0.9 அல்லது அதற்குக் குறைவாயின் ஒடுக்கம் உண்டெனக் கொள்வர்.

நீரிழிவுக்காரரிடம் மட்டும் இக்கணக்குச் சிலவேளை ஏமாற்றும். சுண்ணமேறி விறைத்த நாடி பட்டிக்கு அமுங்காது, எண் 1.4ஐயும் தாண்டும். அவர்களுக்குக் கால் பெருவிரலின் அமுக்கத்தை அளந்து பார்ப்பர்.