சம்பளம் ஒரு பக்கம், சேவை ஒரு பக்கமா?

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் படித்தது பத்தாம் வகுப்பு. ரயில்வே சரக்குப் பிரிவில் ரசீது எழுதுகிறவன். பெரிய பேச்சுப் பேச வரவில்லை. நம் வீட்டுச் சண்டை ஒன்றை நடுவில் வைத்துப் பேச வந்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கட்டட வேலைக்கு வந்த சேலத்துத் தம்பி ஒருவர், மனைவிக்குப் பிரசவ வலி என்று சங்க வாசலில் வந்து நின்றார். அவருக்கு இந்தி தெரியாது. ஆஸ்பத்திரியில் கூட நின்று பேச ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். சம்பளத்துக்கு இருக்கும் நம் அலுவலக உதவியாளர், "என் நேரம் ஆறு மணியோடு முடிந்தது" என்றார். உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்த தொண்டர்கள், "சம்பளம் வாங்குகிறவர் இருக்க, நாங்கள் எதற்கு?" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கடைசியில் கூட்டிப் போனது எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா. அவர் நம் உறுப்பினர்கூட இல்லை. தாயும் பிள்ளையும் நலம். நம் சங்கம் நலமா?

குற்றம் யார் மீது? உதவியாளருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருப்பவர்கள் நாம். நோட்டீசில் பெயர் விட்டுப் போனால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறவர்களும் நாம்தான். ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஒரே கொள்கையின் கீழ் இருக்கிறோமா?

பாடம் படிக்கத் தொலைவு போக வேண்டாம். துர்க்கிலிருந்து பிரியும் பாதையில் ரயில் ஏறினால் தல்லி ராஜ்ஹரா. நம் பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது தந்த மலை. 1977இல் அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் தமக்கென்று சங்கம் கண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் போலீஸ் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள். பின்னர், சங்கத்தின் பெண் தலைவர் ஒருவர் பிரசவத்தில் உரிய மருத்துவம் கிடைக்காமல் இறந்தார். அந்தத் துயரம் அவர்களை உலுக்கியது. சங்கர் குஹா நியோகி வழிநடத்திய அந்தச் சங்கம், 1983 ஜூன் 3 அன்று சொந்த ஆஸ்பத்திரியைத் திறந்தது. தியாகி என்று பொருள்படும் 'ஷஹீத்' அதன் பெயர். தொழிலாளர் காசு, தொழிலாளர் உழைப்பு.

டாக்டர்கள் சொற்ப ஊதியத்துக்கு வந்தார்கள். சுரங்கத்தில் வேலை முடித்த தொழிலாளர்கள், காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டு கூலியில்லாமல் பணி செய்தார்கள். ஏழையின் காசைத் தேவையற்ற ஊசிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் பறிக்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. டாக்டர் அதை மருந்துச் சீட்டில் காட்டினார். தொண்டர் அதையே குடிசை குடிசையாக எடுத்துச் சொன்னார். சம்பளம் வேறு வேறு, எண்ணம் ஒன்று. 1991 செப்டம்பர் 28 அன்று நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. ஒரு மனிதரின் கொள்கையாக மட்டும் இருந்திருந்தால், அவரோடு போயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொள்கையைக் காட்டிக் கூலியை அமுக்குவது முதலாளி புத்தி. அது தொழிலாளர் சங்கத்துக்கு அடுக்காது.

ஆகவே மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். உதவியாளரின் பாக்கியை இந்த மாதமே தீர்ப்போம். வாரம் ஒருமுறை அவரும் தொண்டர்களும் சமமாக உட்கார்ந்து பேசுவோம். தவறினவர் தவறைச் சொல்லட்டும். ஆஸ்பத்திரித் துணைக்கு இரவு முறை போட்டு, பெயர்ப் பட்டியலை வாசலிலேயே ஒட்டுவோம்.

அதில் முதல் பெயர் என்னுடையது. இட்லிக் கடை அக்கா வீட்டுக்கும் போவோம், உறுப்பினர் ஆகச் சொல்லிக் கேட்க. சேர்வதா வேண்டாமா என்று அவர் நம்மைப் பார்த்து முடிவு செய்யட்டும்.