நிலவறையில் எழுதிய புத்தாண்டு வாழ்த்து

1944 டிசம்பரில், பெர்லினில் ஹிட்லரின் ரகசியப் போலீசாரின் நிலவறைச் சிறையிலிருந்து, தீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இறையியலாளர் வீட்டாருக்குப் புத்தாண்டுக் கவிதை ஒன்றை எழுதி அனுப்பினார். வரவிருக்கும் துன்பத்தை மறைக்காமலே, கடவுள் உடனிருக்கிறார் என்ற உறுதியை அதில் வைத்தார். நான்கு மாதங்களுக்குள், 1945 ஏப்ரல் 9 அன்று, தூக்கிலிடப்பட்டார்.

அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டதே என்று கேட்கலாம். விடுதலையை மட்டும் எதிர்பார்த்திருந்தால் பொய்த்ததுதான். கிறிஸ்தவ நம்பிக்கையோ சிலுவையைக் கடந்தே உயிர்த்தெழுதலைக் காண்கிறது. இது செயலற்றவர்களின் ஆறுதல் என்பாரும் உண்டு. ஆனால் 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்த போன்ஹோஃபர், தம் மக்களின் துயரில் பங்குகொள்ளத் தாமே ஜெர்மனிக்குத் திரும்பினார். ஆகவே, நோயிலும் இழப்பிலும் இருப்பவர்களே, நிலைமை மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைய கடமையை இந்த நம்பிக்கையோடு தொடங்குங்கள்.