வலியை முந்திய மருத்துவர்



இறப்பைப் பற்றி இளைஞரிடம் பேசுவதை அமங்கலம் என்று ஒதுக்குவது நம் வழக்கம். ஆயினும், இறக்கும் தறுவாயில் இருப்பவர்க்குத் துணை நிற்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

அதற்குமுன் என் குடும்பச் செய்தி ஒன்று. 1990-ஆம் ஆண்டில் என் தமையனார் புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். ஓர் ஊசி போட்டால் நான்கு மணி நேரம் அமைதியாக இருப்பார். ஆனால் ஆறு மணி நேரம் கழியாமல் அடுத்த ஊசி போடலாகாது என்பது அங்கே விதி. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தையும் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தே அவர் கழித்தார். ஒருநாள் என்னை அழைத்து, “தம்பி, தலையணையை அந்தப் பக்கம் மாற்றிப் போடு, அது என் கண்ணில் பட வேண்டா” என்றார். மருத்துவர்மீது அன்று எனக்குக் கடுஞ்சினம் இருந்தது. அவர்கள் இரக்கமற்றவர் அல்லர், தாம் கற்றதைச் செய்தனர் என்பது சாண்டர்ஸின் வரலாற்றைப் படித்த பின்பே எனக்கு விளங்கிற்று.

அம்மையார் 1918-இல் பிறந்தவர். போர்க்காலத்தில் செவிலியாகப் பயின்றார். முதுகுவலியால் அத்தொழிலைத் தொடர இயலவில்லை. ஆகவே, நோயாளிகளின் குடும்பக் கவலைகளைக் கேட்டு உதவும் மருத்துவமனை அலுவலரானார். அங்கே டேவிட் டாஸ்மா என்பவரைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூதர், உணவு விடுதிப் பணியாளர், உற்றார் எவருமிலர், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவரைப் போன்றவர்க்கென்று தனியே ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். 1948-இல் டாஸ்மா இறந்தபோது 500 பவுன் பணத்தை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

அதன்பின் அம்மையார் லண்டனில் செயின்ட் லூக் என்னும் இல்லத்தில் தொண்டு செய்தார். அங்கே ஒரு புதுமையைக் கண்டார். அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபீன் என்னும் மருந்தை, நோயாளி வலியால் கதறும்வரை காத்திராமல், மணி தவறாது வாய்வழியே கொடுத்து வந்தனர். இதை மருத்துவ உலகம் ஏற்க வேண்டுமானால் தாமே மருத்துவராக வேண்டும் என்று ஓர் அறுவை மருத்துவர் அறிவுரை கூற, 33-ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் தேறினார். ஒரு தேர்வில் தவறியதும் வாழ்வே முடிந்ததென்று அழும் பிள்ளைகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வயதுக் கணக்கை அவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1958 முதல் செயின்ட் ஜோசப் என்னும் இல்லத்தில் அம்மையார் செய்த வேலைதான் முக்கியமானது. முந்தைய வேளை மருந்தின் வேகம் தணியுமுன்பே அடுத்த வேளையைக் கொடுத்தார். அளவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கண்டறிந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் நிலையைக் குறித்து வைத்தார். இவ்வாறு கொடுத்தால் நோயாளி மருந்துக்கு அடிமையாவார் என்றும், அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும் என்றும் மருத்துவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பெரிதும் ஆதாரமற்றது என்பதைக் குறிப்புகள் காட்டின. மருந்து முன்பே இருந்தது. கொடுக்கும் முறைதான் புதிது. வலிக்கு அஞ்சியே காத்திருப்பவனுக்கு வலி இரட்டிப்பாகும் அல்லவா?

வலி உடம்போடு நிற்பதன்று என்பதையும் அவர் வற்புறுத்தினார். பிள்ளைகளின் கதி, வீட்டு வாடகைப் பாக்கி, தீராத குடும்பச் சண்டை, இப்பிறவி வீணாயிற்றோ என்னும் ஏக்கம் யாவும் ஒன்றாகத் திரண்டு வருத்துவதை ‘முழு வலி’ என்றார்.

டாஸ்மா இறந்து 19 ஆண்டுகளுக்குப்பின், 1967-இல், லண்டனின் தென்பகுதியில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே சிகிச்சையோடு ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் நடந்தன. 1969 முதல் வீடு தேடிச் சென்றும் நோயாளிகளைக் கவனித்தனர். வாயிலருகே ஒரு கண்ணாடிச் சன்னல் டாஸ்மாவின் நினைவாக வைக்கப்பட்டது. 2005-இல் அம்மையார் தமது 87-ஆம் வயதில் அந்த இல்லத்திலேயே காலமானார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த ராபர்ட் ட்வைக்ராஸ் என்னும் மருத்துவர் பிற்காலத்தில் கேரளத்துக்கு வந்து பாடம் சொன்னார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் 1993-இல் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். ஆயினும், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபீன் கிடைப்பது அரிதாகவே இருந்தது. வேண்டியவர்க்கு அது எளிதில் கிடைக்கும் பொருட்டு 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. என் தமையனாருக்கு அது 24 ஆண்டுகள் பிந்தி வந்த திருத்தம்.

கேரளத்தின் பல ஊர்களில் மருத்துவரல்லாத அண்டை வீட்டாரும் பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்போரைப் பார்க்கப் போகிறார்கள். புண்ணைக் கழுவுகிறார்கள், மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்கள், சற்று நேரம் அருகில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுள் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள்.