வெளியே போகும் வழி

பலெர்மோவில், வுச்சீரியா சந்தைக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இறைச்சிக்கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சிசிலிக்காரர்கள் இன்று அமளி, கூச்சல் என்ற பொருளிலும் இதைச் சொல்வார்கள். ரெனாத்தோ குத்தூசோ 1974இல் இந்தச் சந்தையை ஓவியமாக வரைந்தார். இறைச்சி, மீன், பழங்களுக்கு நடுவே ஆட்கள் விலகி நடக்க இடமில்லை. நான் தொழிலால் தாதி. எங்கள் சமூக விழாக்களுக்கு நிகழ்ச்சி முகாமையாளராகவும் வேலை செய்கிறேன். அதனால் அந்த ஓவியத்தைப் பார்த்தால், இங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கத்தால் வரும் என்றுதான் யோசிப்பேன்.

நிகழ்ச்சி முகாமையாளர் என்றால் மேடை, ஒலிவாங்கி, பொன்னாடை என்று நினைக்கிறோம். 2017 ஜூன் 3 அன்று தொரினோ நகரச் சதுக்கத்தில் பெரிய திரையில் கால்பந்து இறுதியாட்டம் காட்டினார்கள். திடீர்ப் பீதியில் கூட்டம் ஓடியது. 1,500 பேருக்கு மேல் காயப்பட்டார்கள், உயிர்களும் போயின. பலரைக் கிழித்தது தரையில் உடைந்து கிடந்த போத்தல் கண்ணாடி. நான்கே நாளில் இத்தாலியக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். உள்வழி, வெளிவழி, அவசர வழி எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்றது அது.

நம்மூரிலும் பார்த்தோம். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. அந்த வெயிலில் குடிதண்ணீரும் நிழலும்கூட மருத்துவம்தான்.

இங்கே ஜூலை 14 இரவு புனித ரொசாலியாவின் தேர் வுச்சீரியாவின் ஓரமாகவே கடலை நோக்கிப் போகும். கத்தோலிக்கர், இந்துக்கள் என்று பாராமல் நம் தமிழர்களும் அந்தப் புனிதரை வணங்குகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் என் கண் பக்கத்துச் சந்தைத் தேடும்.

எங்கள் விழா ஒன்றில் மண்டபத்தின் பின்வாசலில் கொத்துரொட்டிக் கடை போடக் கேட்டார்கள். நல்ல வருமானம் வரும் இடம். "அக்கா, ஒரு இரவுதானே" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு பேர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று ஒரு அசம்பாவிதமும் நடக்கவில்லை. அதனால் நான் சொன்னது சரி என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த வேலையின் கஷ்டம் அதுதான். ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த முறை விழா மண்டபத்துக்குப் போனால், கதிரையில் உட்காரும் முன் பின்வாசல் எங்கே என்று பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.