முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும்



அமெரிக்கச் சிற்றூர்களும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நாடு முழுவதையும் அள்ளிப் பேசினால் கையில் எதுவும் நிற்காது. ஆகவே, நாம் வாழும் இந்தப் பென்சில்வேனியாவிலேயே உள்ள ஓர் ஊரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். அந்த ஊரின் பெயர் ஹேசில்டன்.

ஹேசில்டன் நிலக்கரியால் வளர்ந்த ஊர். அந்திரசைட் என்னும் கெட்டி நிலக்கரி அந்த மலைகளுக்கு அடியில் கிடந்தது. அதை வெட்டி எடுக்க முதலில் வேல்ஸ்காரர்களும் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போலந்திலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தார்கள். பின்னால் வந்தவர்களைப் பார்த்து முன்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? இவர்கள் பேசுவது புரியவில்லை, கூலியைக் கெடுக்கிறார்கள், ஒரே வீட்டில் பத்துப் பேர் அடைந்து கிடக்கிறார்கள், ஊருக்குக் குற்றத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். இன்று நாம் கேட்கும் அதே பேச்சு, நண்பர்களே, நூறாண்டுக்கு மேல் பழையது.

பேச்சோடு நிற்கவில்லை. 1897ஆம் ஆண்டு பென்சில்வேனியா சட்டமன்றம் ஒரு வரி போட்டது. குடியுரிமை பெறாத ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு 3 சென்ட். முதலாளி கட்ட வேண்டும். கட்டிவிட்டுக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். வேற்று நாட்டில் பிறந்ததற்கு ஒரு வரி! அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. ஆனால் மூண்ட கோபம் தணியவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

1897 செப்டம்பர் 10. ஹேசில்டனை ஒட்டிய லாட்டிமர் சுரங்கத்தை நோக்கி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை, அமெரிக்கக் கொடி இருந்தது. ஷெரிஃப் ஜேம்ஸ் மார்ட்டினும் அவருடைய ஆயுதப் படையினரும் வழி மறித்தார்கள், சுட்டார்கள். 19 பேர் இறந்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. ஓடுகிறவனைச் சுட்டால்தான் முதுகில் பாயும். வழக்கு நடந்தது, அனைவரும் விடுதலையானார்கள். அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழ 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று சுடப்பட்டவர்களின் இனத்தார், அவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அந்த ஊரின் பூர்வகுடிகள் போலக் கருதப்படுகிறார்கள். அவர்கள் பெயரை யாரும் இப்போது அந்நியமாக நினைப்பதில்லை. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலக்கரி வீழ்ந்தது. 1940இல் 38,000 பேர் வாழ்ந்த ஊர், 2000ஆம் ஆண்டில் 23,000 ஆகச் சுருங்கியது. ஊர் மக்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1956இல் ‘கேன் டூ’ என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். வாரம் பத்து சென்ட் என்று வீடு வீடாகத் திரட்டித் தொழிற்பேட்டைக்கு நிலம் வாங்கினார்கள். ஏழைத் தொழிலாளியின் சில்லறைக் காசில் எழுந்த தொழிற்பேட்டை அது. அந்த உழைப்புக்கு நாம் தலை வணங்க வேண்டும்.

பிறகு பெரிய கிடங்குகள் வந்தன, இறைச்சித் தொழிற்சாலை வந்தது. அவற்றுக்கு ஆள் வேண்டும். ஊரின் இளைஞர்களோ படித்துவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். அதே நேரத்தில் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் வாடகை கட்ட முடியாமல் திணறிய டொமினிக்கன் குடும்பங்கள், குறைந்த விலையில் வீடும் இரவுப் பணிக்கு வேலையும் கிடைக்கும் ஊரைத் தேடி வந்தன. 2000இல் ஹேசில்டனில் லத்தீன் மக்கள் நூற்றுக்கு ஐந்து பேர். 2010இல் நூற்றுக்கு 37 பேர். 2020இல் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஊரின் மக்கள்தொகை மீண்டும் 30,000ஐ நெருங்கியது. மூடிக் கிடந்த கடைகள் திறந்தன.

இருபது ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் இவ்வளவு மாறினால், அங்கேயே பிறந்து முதுமை அடைந்தவருக்கு வலிக்காதா? வலிக்கும். தான் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தில் தனக்குப் புரியாத மொழியில் பூசை நடக்கிறது. பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிறது, சொத்து வரி ஏறுகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இந்த வருத்தம் உண்மையானது. அந்த முதியவரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டுப் போகிறவர், பிரச்சினையைத் தீர்க்க விரும்பாதவர். இதை இந்த மேடையில் அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வருத்தத்தை அரசியல் எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்று பாருங்கள்.

2006ஆம் ஆண்டு. ஊரில் ஒரு கொலை நடந்தது; ஆவணமற்ற குடியேறிகள் கைதானார்கள். மேயர் லூ பார்லெட்டா ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆவணமற்றவருக்கு வீடு வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம். வேலை கொடுத்தால் கடையின் உரிமம் நிறுத்தம். ஊரின் அலுவல் மொழி ஆங்கிலம் மட்டுமே. நாடு முழுவதும் செய்தி பரவியது, பல ஊர்கள் அதைப் பார்த்து எழுதின. வழக்கு வந்தபோது, ஊரில் ஆவணமற்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மேயரிடம் விடை இல்லை. எண்ணிக்கையே தெரியாத ஒரு கூட்டத்துக்கு எதிராக ஊரையே அணிதிரட்டியிருந்தார்கள்.

2007இல் நீதிபதி ஜேம்ஸ் மன்லி அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார். மேல்முறையீடுகள் ஏறி இறங்கின. 2014இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்ததோடு எல்லாம் முடிந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் டாலர் தரும்படி நகராட்சிக்கு ஆணை வந்தது. கடனில் தத்தளித்த ஊர் அது. அந்தப் பணத்தில் எத்தனை சாலை போட்டிருக்கலாம், எத்தனை ஆசிரியர்களை வைத்திருக்கலாம்! மேயர் அமெரிக்கக் காங்கிரஸ் அவையின் உறுப்பினர் ஆனார். கடன் ஊர் மக்களின் தலையில் விழுந்தது.

பணம் போனதோடு முடிந்ததா? சட்டம் ஆவணமற்றவருக்கு எதிரானது என்றார்கள். ஹேசில்டனுக்கு வந்த டொமினிக்கர்களில் பெரும்பாலோர் முறையான உரிமையோடு வந்தவர்கள். ஆனால் தெருவில் நடப்பவரின் நெற்றியில் விசா ஒட்டியிருப்பதில்லை. நிறத்தையும் பேச்சையும் வைத்து எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். 2008 ஜூலையில், பக்கத்து மாவட்டத்தில், ஷெனண்டோவா என்னும் இன்னொரு பழைய சுரங்க ஊரில், 25 வயது மெக்சிகோ தொழிலாளி ஒருவரைப் பதின்வயதுப் பையன்கள் அடித்தே கொன்றார்கள். உள்ளூர் ஜூரி, தன் முன் நின்றவர்களைக் கடுமையான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. மத்திய அரசு வழக்குத் தொடுத்த பிறகுதான் இருவருக்கு ஒன்பது ஆண்டு சிறை கிடைத்தது. ஹேசில்டன் சட்டம்தான் அந்தக் கொலையைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. பகை காற்றில் கலந்துவிட்டால் அதைப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

இனி, கூலியைக் கெடுத்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். மின்னசோட்டாவில் ஆஸ்டின் என்று ஓர் ஊர். ஹார்மெல் நிறுவனத்தின் இறைச்சித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 1984இல் அந்த நிறுவனம் மணிக்கு 10 டாலர் 69 சென்ட்டாக இருந்த கூலியை 8 டாலர் 25 சென்ட்டாகக் குறைத்தது. 1985 ஆகஸ்டில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மாநில ஆளுநர் தேசியக் காவல் படையை அனுப்பினார். வேலைநிறுத்தம் தோற்றது. அந்த ஊருக்கு லத்தீன் தொழிலாளர்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் கூலி போயிற்று. பிறகே புதியவர் வந்தார். இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

வரிக் கதையும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் ‘கீஸ்டோன் வாய்ப்பு மண்டலம்’ என்ற ஏற்பாட்டின் கீழ், குறித்த இடங்களில் வரும் நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் வரி விலக்கு உண்டு. பள்ளிக்குப் போக வேண்டிய சொத்து வரியும் அதில் அடக்கம். ஹேசில்டன் தொழிற்பேட்டைகளும் அந்தச் சலுகையைப் பெற்றன. தொழிலாளியின் பிள்ளை பள்ளிக்கு வரும். அந்தப் பள்ளிக்கு முதலாளியின் வரி வராது. பிறகு வகுப்பில் இடம் இல்லை என்று யாரைத் திட்டுவது? பிள்ளையைத் திட்டுகிறார்கள்.

சரி, குடியேறிகளை எல்லாம் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அதையும் ஓர் ஊர் கண்டது. அயோவாவில் போஸ்ட்வில் என்று சிறிய ஊர். மக்கள்தொகை சுமார் 2,300. 2008 மே 12 அன்று மத்திய அதிகாரிகள் ஹெலிகாப்டரோடு வந்து அங்குள்ள இறைச்சித் தொழிற்சாலையில் 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். தாய்மார்களும் பிள்ளைகளும் புனித பிரிஜிட் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். கடைகள் வெறிச்சோடின, வீடுகள் காலியாயின. வேலைக்கு ஆள் தேடிப் பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் தீவுகள் வரை போனார்கள். ஆனாலும் சில மாதங்களில் நிறுவனமே திவாலானது.

எல்லா ஊர்களும் நீதிமன்றத்தில் தோற்கவும் இல்லை. நெப்ராஸ்காவின் ஃப்ரீமான்ட் நகர மக்கள் 2010இல் இதே போன்ற வாடகைச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். அந்தச் சட்டம் நிலைத்தது. 2019இல் காஸ்ட்கோ அங்காடி நிறுவனத்துக்காகப் பெரிய கோழி இறைச்சித் தொழிற்சாலை அங்கே வந்தது. குடியேறிகள் இல்லாமல் அது ஓடவில்லை. சட்டம் தாளில் இருக்கிறது. ஊரின் வாழ்க்கை வேறு வழியில் போகிறது.

இதில் தமிழர்களாகிய நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். ‘நாங்கள் சட்டப்படி வந்தவர்கள், வரிசையில் நின்று வந்தவர்கள்’ என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். 1917இல் இந்தியர்களுக்கு இந்த நாட்டின் கதவு சாத்தப்பட்டது. 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். 1965இல் சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் நமக்கு வழி திறந்தது. நம் பட்டங்களுக்கு இங்கே மதிப்புக் கிடைத்தது அதனால்தான்.

அதே சட்டம் மெக்சிகோவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் என்ன செய்தது? அதுவரை மேற்கு அரைக்கோளத்திலிருந்து வருகிறவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அந்தச் சட்டம் முதன்முறையாக வரம்பு விதித்தது: ஆண்டுக்கு 1,20,000. 1942 முதல் லட்சக்கணக்கான மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்து வந்த பிரசேரோ திட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறுத்தப்பட்டிருந்தது. வேலை இருந்தது, ஆள் இருந்தார், அழைக்கும் பண்ணையும் இருந்தது. வருவதற்கான வழி மட்டும் அடைபட்டது. இன்றும் பட்டமும் தனித்திறன் சான்றும் இல்லாத தொழிலாளருக்கு நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டு ஆண்டுக்கு 10,000க்கு மேல் கிடையாது, குடும்பத்தாரையும் சேர்த்து. அந்த அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேதனை நம்மைவிட யாருக்குத் தெரியும்? நமக்குக் காத்திருக்க ஒரு வரிசையாவது இருக்கிறது. கோழி வெட்டும் தொழிலாளிக்கு அதுவும் ஏறத்தாழ இல்லை. நமக்குக் கிடைத்த வழியை நம் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் ஊர் எப்படி ஒன்று சேரும்? விடையும் ஹேசில்டனிலேயே இருக்கிறது. ஜோ மேடன் அந்த ஊரில் பிறந்தவர். தந்தை வழி இத்தாலியர், தாய் வழி போலந்துக்காரர். 2016இல் சிகாகோ கப்ஸ் அணியை 108 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடர் வெற்றிக்கு அழைத்துச் சென்ற பேஸ்பால் மேலாளர். பிறந்த ஊர் இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. உறவினர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து 2013இல், மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் ‘ஹேசில்டன் ஒன்’ சமூக மையத்தைத் திறந்தார். பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி, விளையாட்டு. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் பந்து விளையாடினார்கள். பிள்ளையை அழைக்க வந்த பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெயர் தெரிந்த மனிதரை வெறுப்பது கடினம். அந்த ஊரின் பிளவு அதோடு முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நீதிமன்றத்தில் கொட்டிய 14 லட்சம் டாலர் செய்யாததை அந்தக் கூடம் செய்யத் தொடங்கியது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் ஊரின் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். நிறுவனத்துக்கு வரிச் சலுகை தரும்போது, பள்ளிக்கு ஈடாக என்ன தரப்போகிறீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், மாதம் ஒரு நாளாவது பக்கத்து ஊரின் குடியேறிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்போம். மாற்றத்தைக் கண்டு கலங்கும் முதியவர் நம் தெருவில் இருந்தால், அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்போம். வாக்குரிமை பெற்றவர்கள், உழைக்க வருகிறவருக்கு முறையான வழி திறக்க முன்வருகிறவரை ஆதரியுங்கள்.

லாட்டிமரில் கொடி பிடித்து நடந்தவர்களைத் தம்மவர் என்று ஏற்க இந்த நாடு முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வந்திருப்பவர்களை அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டாம். அதற்கான வேலையை நம் ஊரில், நாம் தொடங்குவோம்.