பொருநைக் கழிமுகத்துத் துறைமுகங்கள்



நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து மாணாக்கர் சிலரைக் கொற்கைக்கு அழைத்துச் சென்றேன். பாண்டியரின் பெருந்துறை அது என்று ஒரு வாரமாக வகுப்பில் பேசியிருந்தேன். வண்டியினின்றும் இறங்கியபோது வயலும் வாழையுமே கண்ணுக்குத் தெரிந்தன. "ஐயா, கடல் எங்கே?" என்றான் ஒரு சிறுவன். மற்றவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. நான் கற்பிக்க வேண்டிய பாடத்தை அவன் ஒரே வினாவில் கேட்டுவிட்டான்.

கடல் இன்று கொற்கைக்குக் கிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பொதிகையில் தோன்றும் பொருநை, மழைக்காலந்தோறும் வண்டலையும் மணலையும் சுமந்து வருகின்றது. முகத்துவாரத்தில் ஆற்றின் விரைவு தணியவே, சுமை அங்கே படிகின்றது. அலைகள் அதனைக் கரையில் ஒதுக்குகின்றன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல நிலம் வளர்ந்து, துறை தூர்ந்து போகின்றது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. துருக்கியின் மேலைக் கடற்கரையில் எபேசு, மிலேத்து என்னும் பெருந்துறைகளும் ஆற்று வண்டலால் கடலை இழந்தவையே. அங்கே சலவைக்கல் தூண்கள் எஞ்சி நிற்பதால் உலகமே சென்று காண்கின்றது. நம் கொற்கை மண்ணுக்குள் இருப்பதால், பேருந்தில் செல்வோர் திரும்பியும் பார்ப்பதில்லை!

ஆயினும் சான்றுகள் உள. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்புளூசு' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தனர் என்று கூறுகின்றது. முத்தின் ஒளியைப் பாடும் நாம், மூச்சடக்கி மூழ்கிய அக்கைதிகளை நினைப்பதில்லை. 1968–69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தனர். கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கதிரியக்கக் கரி ஆய்வு காட்டியது.

கொற்கை தூர்ந்தபின் வாணிகம் கடலைத் தொடர்ந்து கிழக்கே நகர்ந்து காயலை அடைந்தது. இன்றைய பழையகாயல் அதுவே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் வந்ததைக் குறிக்கின்றார். காயலுக்கும் கொற்கையின் கதியே நேர்ந்தது. அடுத்து, போர்த்துக்கீசியர் காலத்தில், ஆற்றின் முகத்திலுள்ள புன்னைக்காயல் ஓங்கியது. 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் தமிழ்நூல் அச்சேறியது அவ்வூரில்தான். பின்னர் தூத்துக்குடி. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய கதையை நீங்கள் நன்கறிவீர்கள். அதனை இங்கு விரிக்கவில்லை.

கழிமுகத்துக்குத் தெற்கேயும் காணத்தக்கவை பல. திருச்செந்தூரில் அலைக்கு மிக அருகே நன்னீர் ஊறும் நாழிக்கிணறு உண்டு. மணப்பாட்டில் கடலுள் நீண்ட மணற்குன்றும் அதன்மேல் திருச்சிலுவைக் கோயிலும் உள்ளன. உள்ளே வந்தால் செம்மணல் தேரி. காற்று வீசும்போது அதன் மேடுகள் உருமாறுவதைக் காணலாம்.

கொற்கைக்குச் செல்வோர் ஏரல் வழியாகச் செல்லுங்கள். குளக்கரையையும் முதிய வன்னிமரத்தையும் பாருங்கள். உழுத நிலத்தில் பானையோடு கிடந்தால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். என் மாணாக்கருள் ஒருவன் அப்படி ஓர் ஓட்டை எடுத்து வந்தான். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. இடமும் அடுக்கும் தெரியாத ஓடு ஆய்வாளருக்குப் பாதி ஊமை. மறுவாரம் அவனையே அழைத்துச் சென்று, எடுத்ததாக அவன் நினைத்த வரப்பிலேயே வைத்துவிட்டு வந்தோம். அவ்வரப்புத்தானா என்பதில் அவனுக்கு ஐயம் இருந்தது.