கண்டீரவாவில் நமக்கு என்ன பயம்?



நாளை சனிக்கிழமை, 2018 மார்ச் 17. இரவு எட்டு மணிக்குப் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் பெங்களூரு எஃப்சி. இன்னொரு பக்கம் நம்ம சென்னையின் எஃப்சி. நான் வந்தவாசிக்காரன். பெயரில் சென்னை இருக்கிறதே, உனக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு அணி கிடையாது. ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை என்ற பெயர்களிலும் கிடையாது. நீல நிறத்து அணிக்காக நாளை களமிறங்கும் அந்தப் பதினோரு பேரும் எங்களுக்கும் சேர்த்துத்தான் ஆடுகிறார்கள். நாலு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு இந்த அணியைப் பார்த்து வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு கோவாவை 3-0 என்று தோற்கடித்து நாம் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தோம். மறுநாள் வேலையாக ஆரணிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தறி வீட்டில் ஒரு தம்பி குழியில் கால் வைத்து உட்கார்ந்தபடி நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே ஆணியில் ரேடியோ. கை நிற்கவில்லை, கால் நிற்கவில்லை, தலையை மட்டும் திருப்பிக் கேட்டார்: "எட்டு பாயின்ட் மேல கீறாங்களே அண்ணா. அதுவும் அவங்க ஊர்லயே மேட்ச்சு. நாம எப்படி ஜெயிப்போம்?"

நியாயமான கேள்வி. அவருக்கு அங்கே நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன்.

முதலில் எதிரணியின் பலத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெங்களூரு எஃப்சி 2013-இல் தொடங்கிய அணி. தொடங்கிய முதல் பருவத்திலேயே ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. 2016-இல் ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியின் இறுதிவரை போனது. சூப்பர் லீக்குக்கு இந்த ஆண்டுதான் வந்தார்கள். வந்ததும் பட்டியலில் முதலிடம். 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் இருக்கும் நமக்கு 32. இதுவரை அவர்களின் மிக்கு 14 கோல், சுனில் சேத்ரி 13 கோல். அரையிறுதியில் புனே அணிக்கு எதிராகச் சேத்ரி ஒருவரே மூன்று கோல் அடித்தார். இந்திய அணி ஆடும்போது அதே சேத்ரிக்காகத்தான் நாமும் கத்துகிறோம். அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த எட்டுப் புள்ளி வித்தியாசம் மூன்றரை மாதக் கணக்கு. நாளைய கணக்கு தொண்ணூறு நிமிடம். இழுத்தால் நூற்று இருபது, அதற்கும் மேலே பெனால்டி. பெங்களூரு லீக் சுற்றில் தோற்றது நான்கே ஆட்டங்கள். அதில் ஒன்று, போன டிசம்பர் 17-ஆம் தேதி, இதே கண்டீரவாவில், நம்மிடம். நம் ஜெஜெ சீக்கிரமே கோல் அடித்தார். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது சேத்ரி சமன் செய்தார். மைதானமே எழுந்து நின்றது. வேறு அணியாக இருந்தால் அந்தச் சத்தத்தில் ஒரு புள்ளி போதும் என்று சுருண்டிருக்கும். நம் ஆட்கள் உடனே எதிர்ப்பக்கம் போனார்கள், தனபால் கணேஷ் கோல் அடித்தார். 2-1.

பிப்ரவரியில் அவர்கள் சென்னைக்கு வந்து நம்மை 3-1 என்று வீழ்த்தியதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் வென்றோம், நம் ஊரில் தோற்றோம். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜான் கிரெகரி பயிற்சியில் இந்த அணி ஆடும் விதத்தைப் பாருங்கள். பந்தை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தவிப்பது கிடையாது. பின்னால் செரெனோ, மைல்சன் இருவரும் சுவர் மாதிரி நிற்பார்கள். பந்து கிடைத்ததும் வேகமாக ஓரத்துக்குப் போகும், அங்கிருந்து உயரமாக உள்ளே வரும். கார்னரும் ஃப்ரீ கிக்கும் கிடைத்தால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும். சொந்த ஊரில் ஆடினால் கூட்டம் தாக்கு தாக்கு என்கிறது. நாமும் முன்னால் போய் பின்னால் இடம் விடுகிறோம். மிக்குவுக்கும், ஓரத்தில் பாயும் உதாந்தாவுக்கும் அந்த இடம்தான் வேண்டும். வெளியூரில் அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. தாக்க வேண்டிய பொறுப்பு முழுக்க அவர்களுடையது. நாளை கூட்டம் முழுக்க நீலமாக இருக்கும், பெங்களூரு நிறமும் நீலம்தானே. அந்த இருபதாயிரம் பேரின் பொறுமையின்மை நமக்கு உதவும் என்பது என் கணிப்பு.

இந்த இறுதிப் போட்டி முதலில் கொல்கத்தாவில் நடப்பதாக இருந்தது. பிறகு பெங்களூருக்கு மாற்றினார்கள். நம் ரசிகர்கள் பலருக்கு அதில் மனக்குறை. எனக்கு இல்லை. இந்த அணியின் கதையே வெளியூரில் எழுதப்பட்டதுதான்.

2014-ஐ நினைத்துப் பாருங்கள். முதல் பருவம். லீக் பட்டியலில் நாம்தான் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். டிசம்பர் 16, சென்னை நேரு மைதானம். மூன்றையும் திருப்பி அடித்தோம். கூடுதல் நேரம் வரை கொண்டுபோனோம். பெனால்டிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, 117-ஆவது நிமிடத்தில், கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். சொந்த மண், சொந்தக் கூட்டம், எல்லாம் இருந்தும் முடிந்துவிட்டது. அந்த இரவு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருடம், 2015. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் வெள்ளம். வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்ற நாட்கள் அவை. கால்பந்தைப் பற்றி யார் பேசுவது? நம் அணி தன்னுடைய சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. எதிரணி கொல்கத்தா, அப்போதைய சாம்பியன். பாதிக் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் நாம்தான் முன்னால். இறுதிப் போட்டி எங்கே? கோவாவில். யாருடன்? கோவாவுடன். நாளைக்கு இருப்பதைப் போலவே, அவர்கள் மைதானம், அவர்கள் கூட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. அவர்கள் ஆட்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இரண்டு நிமிடம் கழித்து நம் மெண்டோசா கோல் அடித்தார். 3-2. கோப்பை வெள்ளத்தில் தவித்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

அன்று அந்த அணியில் இருந்த மைல்சன், ரஃபேல் அகஸ்டோ, ஜெஜெ மூவரும் இன்றும் இருக்கிறார்கள். ஊரே எதிராகக் கத்தும்போது கடைசி ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெங்களூரு பெரிய அணிதான். ஆனாலும் சூப்பர் லீக் இறுதிப் போட்டி அவர்களுக்கு நாளைதான் முதல் முறை.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படுகிறவரைப் பற்றி. தனபால் கணேஷ். வயது 23. வியாசர்பாடிப் பையன். வடசென்னையின் வியாசர்பாடியைப் பற்றிச் செய்தித்தாள்கள் பல காலம் ஒரே விதமாகத்தான் எழுதின. அங்கே குடிசைகளுக்கு நடுவே இருக்கும் மண் மைதானத்தில் விடியற்காலையில் பிள்ளைகள் பந்து உதைப்பதை அவை எழுதவில்லை. அந்த மண்ணிலிருந்து வந்தவர் நாளை சேத்ரிக்கும் மிக்குவுக்கும் நடுவே நிற்கப் போகிறார். நடுக்களத்தில் தடுப்பவர் வேலை அவருக்கு. நம் நெசவாளர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்: சேலையைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது ஊடையின் நிறமும் ஜரிகையும்தான், தறியில் சேலையைத் தாங்குவது பாவு. கணேஷ் இந்த அணியின் பாவு. எதிராளி பந்தோடு திரும்பும் இடத்தில் அவர் முன்பே நிற்பார். மோதுவார், விழுவார், எழுந்து அடுத்தவரிடம் ஓடுவார். தொலைக்காட்சி கேமரா அதற்குள் பந்துக்குப் பின்னால் போயிருக்கும்.

அதோடு நிற்கவில்லை. பெங்களூரில் வெற்றிக் கோல் அவருடையது என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை கோவாவுக்கு எதிராக ஜெஜெ முதல் கோல் அடித்த மூன்றாவது நிமிடம், கிரெகரி நெல்சன் உதைத்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே போட்டவரும் அவர்தான். தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணி ஆடும்போது அதில் தமிழ்நாட்டுப் பையன் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆட்டத்தை நடத்த வேண்டும் என்பது என் நாலு வருட ஆசை. மிசோரமிலிருந்து வந்த ஜெஜெவையும் ஜெர்ரியையும், டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாப்பாவையும் நான் வேறாக நினைத்ததே இல்லை. இந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், கோவாவில், நம்மைக் காப்பாற்றிய கோல் தாப்பா அடித்தது. ஆனால் நம் கிராமத்துப் பள்ளியில் பந்து உதைக்கும் ஒரு பிள்ளைக்குக் கணேஷைக் காட்டிச் சொல்வது போல வேறு யாரைக் காட்டிச் சொல்ல முடியும்?

இன்னொரு விஷயத்தை இன்று பேசாமல் விட முடியாது. சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால், பிப்ரவரி 16 அன்று, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நமக்கான நீர் 177.25 டிஎம்சி என்று குறைந்தது. மனசுக்கு வலிதான். அந்த வலியை நாளைய ஆட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆற்று நீரைக் கோல் கணக்கில் வாங்க முடியாது. ஆரணித் தறிகளில் ஓடும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பெங்களூரில் வேலை செய்து மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்! நாளை மைதானத்தில் நம் அணிக்காகக் கத்தப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

கால்பந்தை எடுத்துக்கொண்டாலும் பெங்களூர் நமக்கு அந்நியமில்லை. சுதந்திரம் பெற்ற மறு வருடம், 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்க்காரர். அல்சூர் பக்கம் கௌதமபுரா என்று ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே தெருவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கால்பந்தை அந்த அளவுக்குக் கொண்டாடும் ஊரை ஜெயித்தால்தானே அந்த ஜெயத்துக்கு மதிப்பு?

சரி, பயமே இல்லையா என்றால், இருக்கிறது. பெங்களூரு அரையிறுதியை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டது. நாம் செவ்வாய்க்கிழமை ஆடினோம். அவர்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கூடுதல். கால்பந்தில் அது சின்ன விஷயம் இல்லை. எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு கால் கனக்கும். இன்னொன்று உதாந்தா சிங். வலது ஓரத்தில் அவர் ஓடும் வேகத்துக்கு இந்த லீக்கில் ஈடு கிடையாது. நம் இடது பக்கத்தில் நிற்கும் ஜெர்ரிக்கு நாளை பரீட்சை. உதாந்தா ஒரு முறை தாண்டிப் போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டால் அங்கே சேத்ரி காத்திருப்பார். முதல் கால் மணி நேரத்தில் பெங்களூரு இதைத்தான் செய்யும். அதில் நாம் ஒரு கோல் வாங்கினால்கூட நேயர்கள் யாரும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். இந்த அணி பின்தங்கி இருக்கும்போது பதறுகிற அணி இல்லை. 2015 கோவாவைச் சற்று முன்புதான் சொன்னேன்.

அதன் பிறகு பார்க்க வேண்டியது கார்னர்களை. நமக்குக் கார்னர் கிடைக்கும்போது மைல்சன் பின்னாலிருந்து நிதானமாக நடந்து முன்னால் வருவார். அப்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். எதிரில் குர்பிரீத் சிங் சந்து நல்ல உயரமான கோல்கீப்பர். வானத்துப் பந்துகளைச் சுலபமாக விட்டுத் தர மாட்டார். ஆனாலும் நம் கோல்கள் அந்த வழியில்தான் வரும் என்று நம்புகிறேன். சென்னையின் எஃப்சிக்கு இரண்டு கோல், பெங்களூருக்கு ஒன்று. கூடுதல் நேரம் போகாது.

ஆரணித் தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு ஏழரைக்கே தறியை விட்டு எழுந்துவிடுங்கள். உங்கள் தெருவில் யார் வீட்டில் பெரிய டிவியோ அங்கே போய் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறேன்.